கரையும் தட்டா, டைட்டானியமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 38 வயது, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார். ஒன்பது நாளைக்கு முன் வெட்டின மட்டை சரிந்து, அதன் அடிப்பக்கம் அவருடைய இடது கண்ணில் மோதிவிட்டது. பார்வை போகவில்லை. ஆனால் மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. கன்னமும் மேல் உதடும் மரத்துக் கிடக்கின்றன. ஈப்போவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கண்ணுக்கு அடியில் உள்ள எலும்பு உடைந்து ஓட்டை விழுந்திருக்கிறது, தட்டு வைத்து மூட வேண்டும் என்றார்கள். அங்குள்ள டாக்டர் டைட்டானியம் வைக்கலாம் என்கிறார். தனியாரில் கேட்டதற்கு, உடம்பிலேயே கரைந்துபோகும் தட்டு இருக்கிறது, அதுதான் நல்லது என்றார்கள், விலை அதிகம். என் நாத்தனார், முகத்தில் இரும்பு வைத்தால் பின்னால் தொல்லை என்கிறார். எனக்கோ, தட்டு கரைந்துவிட்டால் கண் மறுபடி கீழே இறங்கிவிடாதா என்று பயம். இது மாட்டிலிருந்து எடுக்கிற பொருளா என்று மாமியார் கேட்கிறார். எதை வைக்கச் சொல்வது? ஸ்கேன் ரிப்போர்ட் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே போனில் பேசிவிட்டோம். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் ஏறியிருக்காது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில், போனில் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். எந்தத் தட்டு என்ற பேச்சிலேயே நாளை ஓட்டிவிடாதீர்கள். பெரியவர்களுக்கு இந்த மாதிரி உடைவில், வீக்கம் வடிவதற்காக ஒரு வாரம், பத்து நாள் காத்திருப்பது சரிதான். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டத் தாண்ட, ஓட்டைக்குள் இறங்கிய கொழுப்பும் சதையும் உடைந்த எலும்பு விளிம்போடு ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிடும். அதன்பிறகு பிரித்தெடுப்பது கடினம். நல்ல டைட்டானியமோ நல்ல கரையும் தட்டோ, சரியான நாளில் வைத்தால் இரண்டும் வேலை செய்யும். ஆறு வாரம் கழித்து வைத்தால் இரண்டுமே தடுமாறும்.

சரி, என்ன உடைந்தது என்று பார்ப்போம். கண் உட்கார்ந்திருக்கும் குழியை ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டியிருக்கின்றன. முன்விளிம்பு உறுதியானது; கையால் தொட்டாலே தெரியும். உள்ளே போகப் போக மெலிந்துவிடும். கண்ணுக்கு அடியில் உள்ள தளம் பல இடங்களில் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மூக்குப் பக்கத்துச் சுவர் அதைவிட மெல்லியது, அப்பளம் மாதிரி. தளத்துக்குக் கீழே கன்னத்து சைனஸ், அதாவது வெறும் காற்றறை. தோட்டத்துப் பழைய பலகை வீடுகளில் கால் மேல் நிற்கும் வீடு இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆள் இருக்கிறார், கீழே காலி இடம், நடுவில் ஒரே ஒரு பலகை. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பலகை உள்வாங்கிவிட்டது.

அடி கண்ணில்தானே பட்டது, எலும்பு எப்படி உடைந்தது என்று போனில் கேட்டீர்கள். 1957இல் அமெரிக்காவில் ஸ்மித், ரீகன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். இறந்தவர் ஒருவரின் கண் மேல் ஒரு பந்தை வைத்து, அதைச் சுத்தியலால் அடித்தார்கள். எலும்பில் அடி படவேயில்லை, ஆனாலும் குழியின் அடித்தளம் உடைந்தது. கண் பின்னால் தள்ளப்படும்போது குழிக்குள் அழுத்தம் ஏறி, மெலிந்த இடம் விட்டுக்கொடுக்கிறது. விளிம்பில் பட்ட அடி அதிர்வாக உள்ளே போய்த் தளத்தை வளைத்து உடைப்பதும் உண்டு. மட்டை அடியில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். ஒரு வகையில் இது கண்ணைக் காப்பாற்றிய உடைவு. தளம் விட்டுக்கொடுத்ததால்தான் விழி தப்பியது என்று நான் நம்புகிறேன்.

கன்னம் மரத்துப்போனதற்கும் இதுவே காரணம். கன்னம், மேல் உதடு, மேல்வரிசை ஈறு ஆகியவற்றுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்தத் தளத்துக்குள்ளேயே ஓடுகிறது. உடையும்போது நசுங்கியிருக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மெல்ல மெல்லத் திரும்பும். எந்தத் தட்டு வைத்தாலும் அதில் வித்தியாசம் வராது.

இனி, ஏன் மூட வேண்டும்? கண்குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லி. விழி அதில் 7 மில்லி. மீதியெல்லாம் கொழுப்பு, தசை, நரம்பு. தளம் கீழே போனால் குழி பெரிதாகிறது, உள்ளே இருப்பதோ அதேதான். 1 மில்லி கூடினால் கண் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் உள்ளே போகும் என்பது எங்கள் கணக்கு. 2 மில்லிமீட்டர் தாண்டினால் எதிரே நிற்பவருக்குத் தெரியும். இப்போது வீக்கம் இருப்பதால் கண் சரியாக இருப்பது போலத் தோன்றும். வடிந்த பிறகுதான் உள்வாங்குவது தெரியவரும்.

இரண்டாவது காரணம் இரட்டைப் பார்வை. இங்கேதான் உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் நேராகப் பார்ப்பதையும் கீழே பார்ப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்வோம். நடப்பதற்கும் படிப்பதற்கும் அந்த இரண்டும் தேவை. மேலே அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் இரண்டாகத் தெரிந்தால், பல பேரிடம் "பழகிவிடும், விடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது சரி. குலை வெட்டுபவருக்குச் சரியில்லை. நாள் முழுக்க அவர் அண்ணாந்துதான் பார்க்கிறார். நீண்ட கம்பின் நுனியில் அரிவாள், அதற்கு மேலே பழுத்த குலை, அதைத் தாங்கும் மட்டை. அரிவாள் இரண்டாகத் தெரிந்தால் அடுத்த விபத்து அங்கேயே காத்திருக்கிறது. என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவருக்குக் கண் எப்போதும் நெஞ்சு உயரத்தில்தான் வேலை. செம்பனை அப்படி இல்லை. ஆகவே டாக்டரிடம் "தோட்ட வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "குலை வெட்டுகிறார், நாளெல்லாம் மேலே பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். சிகிச்சை முடிவையே மாற்றக்கூடிய செய்தி அது.

இப்போது பொருளுக்கு வருகிறேன். கரையும் தட்டு என்றதும் ஏதோ புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். பிரசவத்தில் தையல் போட்டு, "பிரிக்க வர வேண்டாம், தானே கரைந்துவிடும்" என்று சொல்லியிருப்பார்களே, அதே குடும்பத்துப் பொருள்தான். ஒன்று பாலிடயாக்சனோன், பி.டி.எஸ். என்பார்கள். மற்றவை லாக்டிக் அமிலத்தையும் கிளைகாலிக் அமிலத்தையும் நீண்ட சங்கிலியாகக் கோத்தவை. உடம்பில் இருக்கும் நீர் அந்தச் சங்கிலியை மெல்ல அறுக்கும். அறுந்த துணுக்குகளை உடம்பு எரித்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடும். இட்லி மாவு புளிக்கும்போது உண்டாகிறதே, அதே லாக்டிக் அமிலம்தான். ஓடி வந்தால் நம் தசையிலும் ஊறுகிறது.

மாமியாரிடம் சொல்லுங்கள்: இந்தத் தட்டுகள் மாட்டிலிருந்து வருவதில்லை. லாக்டிக் அமிலத்தைச் சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்து எடுக்கிறார்கள். மற்றவை தொழிற்சாலை ரசாயனங்கள். டைட்டானியம் உலோகம். ஆனால் எலும்பை நிரப்பவும் மேலே போர்த்தவும் பயன்படும் சில பொருட்கள் மாடு, பன்றி இவற்றின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ வருபவை. அதனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். முஸ்லிம் நோயாளிகள் தினமும் கேட்கிறார்கள், நாங்களும் பதில் சொல்கிறோம்.

தட்டு கரைந்துவிட்டால் கண் இறங்கிவிடாதா என்று நீங்கள் பயந்தீர்களே, கடிதத்திலேயே மிகச் சரியான கேள்வி அதுதான். புதுக் கன்று நட்டால் பக்கத்தில் குச்சி ஊன்றிக் கட்டுவோம். தண்டு தானே நிற்கும் வரை குச்சி நின்றால் போதும், அப்புறம் அது மக்கிப்போனால் நல்லதுதான். தண்டு முற்றுவதற்குள் மக்கிவிட்டால் கன்று சாய்ந்துவிடும். இங்கே தண்டு என்பது ஓட்டைக்கு மேல் உருவாகும் தழும்புப் படலம். பெரியவர்களுக்குப் பெரிய ஓட்டையில் எலும்பு முழுசாக வளர்ந்து மூடுவது அரிது. பெரும்பாலும் கெட்டியான தழும்புதான் உண்டாகும். அது கீழே தொய்யாமல் இழுத்துப் பிடித்தது போல உருவாக வேண்டும், அதுவரை தட்டுக்கு வலு இருக்க வேண்டும். தாங்க வேண்டிய எடை ஒன்றும் பெரிதில்லை. குழிக்குள் இருப்பதெல்லாம் சேர்த்து 30 கிராம் சொச்சம், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயின் எடை. அதனால்தான் பிளாஸ்டிக் போன்ற ஒரு மெல்லிய தகடே போதுமானதாகிறது.

ஆகவே கரையும் பொருட்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது அது எத்தனை மாதம் வலுவோடு நிற்கும் என்பதை. முழுசாக மறையும் காலம் வேறு, வலு போகும் காலம் வேறு. வலு முதலில் போய்விடும்; உருவம் இருக்கும், உறுதி இருக்காது. கறையான் தின்ற பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பி.டி.எஸ். படலம் 0.15, 0.25, 0.5 மில்லிமீட்டர் கனங்களில் வருகிறது. கத்தரிக்கோலால் வெட்டி, வளைத்து, உள்ளே நுழைத்துவிடலாம். மிக எளிது. சின்ன ஓட்டைக்கு, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, எனக்கும் பிடித்த பொருள். ஆனால் ஒன்றிரண்டு மாதத்துக்குள் வலுவில் பெரும்பகுதி போய்விடும், ஆறு மாதத்தில் பொருளே இருக்காது. பெரிய ஓட்டையில் தழும்பு முற்றுவதற்குள் தாங்கல் போய்விடுகிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு லோரி ஓட்டுநருக்கு, ஏறக்குறைய உங்கள் வீட்டுக்காரர் அளவு ஓட்டைக்கு, அந்தப் படலத்தை வைத்தேன். மூன்றாம் மாதம் கண் அழகாக இருந்தது. எட்டாம் மாதம் வந்தபோது கண் உள்வாங்கியிருந்தது. மறுபடி திறந்து டைட்டானியம் வைத்தோம். தழும்புக்குள் நடந்த அந்த இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைப் போல எளிதாக இல்லை. பொருளில் குறையில்லை, அந்த ஓட்டைக்கு அதைத் தேர்ந்தெடுத்தது என் தவறு.

அதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது சுத்தமான பாலி-எல்-லாக்டைடு, அதாவது லாக்டிக் அமிலத்தை மட்டுமே கோத்த சங்கிலி. வலுவானது, பல வருடம் நிற்கும். ஆனால் அதற்கென்று ஒரு கதை உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்து மருத்துவர்கள் கன்ன எலும்பு உடைந்தவர்களுக்கு இந்தத் தட்டுகளை வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக ஆறியது. மூன்று வருடம் கழித்து, மறந்துபோன நேரத்தில், சிலர் தட்டு இருந்த இடம் வீங்கிவிட்டது என்று திரும்பி வந்தார்கள். திறந்து பார்த்தால் கரையாத நுண்ணிய படிகத் துணுக்குகளைச் சுற்றி உடம்பு போராடிக்கொண்டிருந்தது. 1993இல் அதை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் அதற்குப் பின் வந்த தட்டுகள் திருந்தின. மெல்லக் கரைவது நல்லது, மிக மெல்லக் கரைவது நல்லதல்ல என்ற பாடம் அங்கேதான் கிடைத்தது.

இப்போது பெரும்பாலும் கிடைப்பவை இந்த இரண்டு முனைக்கும் நடுவில் இருப்பவை. லாக்டைடும் கிளைகாலைடும் 82க்கு 18 என்று கலந்த ஒரு வகை உண்டு. எட்டு வாரம் வரை நல்ல வலு, ஏறத்தாழ ஒரு வருடத்தில் மறைந்துவிடும். லாக்டைடின் இரண்டு வடிவங்களை 70க்கு 30 என்று கலந்து, படிகமாகாமல் செய்த வகை இன்னொன்று. பல மாதங்கள் வலு நிற்கும், மறைய இரண்டு மூன்று வருடம் ஆகலாம். இந்தத் தகடுகளை ஆபரேஷன் அறையில் சுடுநீரில் போட்டு மென்மையாக்கி, குழியின் வளைவுக்கு ஏற்ப வளைப்போம். ஆறினால் அந்த வடிவிலேயே விறைத்துவிடும். உடம்புச் சூட்டில் இளகாது, அந்தப் பயம் வேண்டாம்.

இன்னும் இரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பொருளால் தேன்கூடு மாதிரி துளையுள்ள வலையை உருவாக்கி, கண்குழித் தள உடைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகளுக்குள் திசு வளர்ந்து ஏற வேண்டும் என்பது எண்ணம். இரண்டு மூன்று வருடத்தில் கரையும். பக்கத்து நாட்டில் பிறந்தது என்பதாலோ என்னவோ எனக்கு அதில் ஒரு பிரியம் உண்டு. ஜப்பானில் எலும்புத் தாதுப்பொடியை லாக்டைடோடு கலந்து செய்கிறார்கள். அது எலும்போடு ஒட்டிக்கொள்ளும், ஸ்கேனிலும் தெரியும். ஆனால் மறையப் பல வருடங்கள் ஆகும். ஸ்கேனில் தெரிவது சின்ன விஷயமில்லை. மற்ற கரையும் தட்டுகள் ஸ்கேனில் சரியாகத் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகும் எல்லாம் இரண்டாகவே தெரிந்தால், தட்டு நகர்ந்ததா, தசையைப் பிடித்ததா என்று பார்ப்பது சிரமமாகிவிடும்.

அப்புறம் டைட்டானியம். உங்கள் நாத்தனார் நினைப்பது போல அது இரும்பு இல்லை. துருப்பிடிக்காது, காந்தம் இழுக்காது. பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அந்த இடத்தில் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். கண்ணுக்கு அடியில் வைக்கும் அளவு வலை விமான நிலையக் கதவில் பொதுவாக ஒலி எழுப்பாது. பெரிய உடைவுக்கும், அடித்தளமும் மூக்குப் பக்கத்துச் சுவரும் சேர்ந்து போனதற்கும், பின்னால் தட்டு உட்கார எலும்பு மிச்சமில்லாதபோதும் நான் டைட்டானியத்தைத்தான் நம்புவேன். வளைத்த வடிவம் அப்படியே நிற்கும், ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். குறை என்ன? வெட்டிய விளிம்பு கூராக இருக்கும், வைக்கும்போது கொழுப்பைக் கொக்கி மாதிரி பிடிக்கும். வலைக் கண்களுக்குள் சதை வளர்ந்து ஏறிவிடும். அரிதாக எடுக்க வேண்டி வந்தால் அது பெரிய பாடு. சிலருக்கு அந்த ஒட்டுதலே கண் அசைவைக் கட்டிப்போடும்.

எங்கள் ஆசிரியர்கள் காலத்தில் நோயாளியின் சொந்த எலும்பையே, தலையோட்டிலிருந்தோ இடுப்பிலிருந்தோ வெட்டி வைத்தார்கள். சொந்தமானது என்பதால் சிறந்தது என்று தோன்றும். ஆனால் அதுவும் கரையும். எவ்வளவு கரையும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. கூடவே இன்னோர் இடத்தில் காயம். சிலிக்கோன் தகடு வைத்தவர்களில் சிலர் பல வருடம் கழித்து, தகடு நகர்ந்து வெளியே வரப் பார்க்கிறது என்று இன்றும் வருகிறார்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் ரிப்போர்ட். ஓட்டை 2 சென்டிமீட்டருக்கு 1.5 சென்டிமீட்டர். மூக்குப் பக்கத்துச் சுவர் முழுசாக இருக்கிறது. தளத்தின் பின்கோடியில் எலும்பு விளிம்பு மிச்சமிருக்கிறது, அது நல்ல செய்தி. கீழ்த்தசை தொய்ந்திருக்கிறது, ஆனால் எலும்புக்கு நடுவில் சிக்கவில்லை. நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது முறையில்லை. ஆனாலும் கேட்டதால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இந்த ஓட்டைக்கு மெல்லிய பி.டி.எஸ். படலம் வேண்டாம். 70க்கு 30 வகைக் கரையும் தகடு போதும், ஏனென்றால் பின்னால் உட்கார இடம் இருக்கிறது. டைட்டானியமும் அதே அளவுக்கு நல்லது. இரண்டில் எது என்றால், ஈப்போவில் பார்த்த டாக்டர் எதை வழக்கமாக வைக்கிறாரோ அதுவே. கை பழகிய பொருளைச் சரியான கோணத்தில், பின்கோடி வரை கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்தப் பின்கோடியை எட்டாமல் நடுவிலேயே நிறுத்திய விலை உயர்ந்த தட்டை நான் எடுத்திருக்கிறேன்.

கடன் வாங்கிக் கரையும் தட்டுக்குப் போக வேண்டாம் என்பதும் அதனால்தான். ஒரு சின்னப் பிள்ளைக்கு இது நடந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். முகம் வளர்கிற வயதில் நிரந்தரமாக ஒன்றை விட்டுவைக்க நான் தயங்குவேன், கரைவதையே தேடுவேன். பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் எலும்பு முறியாமல் வளைந்து, கதவு மாதிரி திறந்து, தசையைப் பிடித்துக்கொண்டு மூடிக்கொள்ளும். கண் வெள்ளையாக, அடி பட்ட அடையாளமே இல்லாமல் இருக்கும். ஆனால் பிள்ளை மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுக்கும், நாடி மெதுவாகும். அப்போது வாரக்கணக்கு கிடையாது. தசை செத்துவிடும், ஓரிரு நாளில் ஆபரேஷன் நடக்க வேண்டும். தலையில் அடி, அதனால் வாந்தி என்று நினைத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

ஆபரேஷன் பெரும்பாலும் கீழ் இமையின் உள்பக்கமாகவே செய்வார்கள். வெளியே தழும்பு தெரியாது. முடிந்த கையோடு இரட்டைப் பார்வை மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் சில வாரம் அது முன்பைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். தசை நசுங்கியது, தட்டால் அதை மாற்ற முடியாது. கண்ணை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியும் மாதங்களும் வேண்டும். டைட்டானியமே வைத்தாலும் உள்ளே இருக்கும் கொழுப்பு கொஞ்சம் சுருங்கி, கண் லேசாக உள்வாங்குவது உண்டு. இதையெல்லாம் முன்பே சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல, பின்னால் தட்டைக் குறை சொல்லி மனசு உடையாமல் இருக்க.

இப்போதிலிருந்தே மூக்கைச் சிந்த வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவில் சுவர் இல்லை. சிந்தினால் காற்று கண்ணுக்குப் பின்னால் ஏறும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். டாக்டர் சரி என்று சொல்லும் வரை விமானமும் வேண்டாம், மோட்டார் சைக்கிளும் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்போ பின்போ, கண் கல் மாதிரி இறுகி வலித்தாலோ, பார்வை மங்க ஆரம்பித்தாலோ, காலையில் போகலாம் என்று படுக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வையைக் காப்பாற்றும் நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. அரிதுதான், ஆனால் நடு ராத்திரி என்றாலும் கிளம்புங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இது வேலையில் நடந்த விபத்து. சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். தோட்டத்து ஆபீசில், அல்லது அவர் கண்டிராக்டரிடம் வேலை செய்கிறார் என்றால் அந்தக் கண்டிராக்டரிடம், தெரிவித்தாயிற்றா என்று நேராகக் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஈப்போவில் உள்ள சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். எம்சி, அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு, நான்கு நாளோ அதற்கு மேலோ இருந்தால், அந்த நாட்களுக்குச் சராசரித் தினக்கூலி அடிப்படையில் 80 விழுக்காடு பணம் உண்டு. தட்டுக்கு நீங்களே காசு கட்ட வேண்டும் என்று சொன்னால், ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் சமூக நல அதிகாரியைப் பாருங்கள்; சம்பள விவரத்தோடு போனால் உதவி கேட்கலாம். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துப் பையன்களுக்கும் சொல்லுங்கள், 2019 ஜனவரியிலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களிடம் இதைச் சொல்ல ஆளில்லை.

கடைசியாக ஒரு வேலை உங்களுக்கு. தட்டின் பெட்டியில் பெயர், அளவு, எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை ஆஸ்பத்திரிக் கோப்பில் ஒட்டுவார்கள். இன்னொன்றைக் கேட்டு வாங்கி, அவருடைய ஐ.சி. (அடையாள அட்டை) நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கரையும் தட்டு என்றால் கட்டாயம். மூன்று வருடம் கழித்து கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கினால், பார்க்கும் டாக்டர் புதியவராக இருப்பார். உள்ளே என்ன இருந்தது, எப்போது வைத்தது என்று அவருக்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் சொல்லும்.